ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு மருத்துவ ஏற்பாடு: தெருவிலிருந்தே தொடங்குங்கள்

என் அம்மாவுக்கு 71 வயது. மணப்பாறை பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். எனக்கு வேலை திருப்பூரில். போன ஆடி மாதம் குளியலறை வாசலில் தலைசுற்றி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, நெற்றியில் நான்கு தையல். பதறிக்கொண்டு ஓடினேன். ஒரே வாரத்தில் இரண்டு ஆஸ்பத்திரி, ஒரு ஸ்கேன், பதினான்காயிரம் ரூபாய். ஏன் விழுந்தார் என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருவுக்குப் பிரஷர் பார்க்க வரும் அக்கா. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலர். எதிர் வீட்டுச் சின்னம்மாவுக்கு மாத்திரை கொடுக்க வந்தவரிடம், “பக்கத்துல அக்கா விழுந்துட்டாங்க, ஒரு எட்டுப் பாருங்க” என்று சின்னம்மா சொல்லியிருக்கிறார். வந்தவர் அம்மாவின் மாத்திரைப் பையைத் திண்ணையில் கொட்டச் சொன்னார். ஒரு அட்டை, நாங்கள் மெடிக்கலில் வாங்குவது. இன்னொன்று, அம்மா ஒரு முகாமில் வாங்கிவந்தது. ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருந்தது. நிறம் வேறு, மேலே இருந்த பெயர் வேறு. பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டிலும் அம்லோடிபின், பிரஷரைக் குறைக்கும் மருந்து. அம்மா இரண்டையும் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். அன்று பிரஷர் 98-க்கு 60 என்று இறங்கிக் கிடந்தது. அக்கா தானாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. “நாளைக்கே டாக்டர்கிட்ட இந்த ரெண்டு அட்டையையும் காட்டுங்க” என்றார். காட்டினோம். ஒன்றை நிறுத்தினார்கள். தலைசுற்றல் நின்றது.

அந்த அக்கா எங்கள் தெருவுக்கு இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தார். கணக்கெடுத்த நாளில் எங்கள் வீடு பூட்டியிருந்தது, அதனால் அம்மாவின் பெயர் அவருடைய பட்டியலில் இல்லை. உதவி எதிர் வீடு வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறது. நானோ மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டு ஊர்களில் பெற்றோரை வைத்துக்கொண்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உதவும்.

1. மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

ஆஸ்பத்திரிக்கோ அலுவலகத்துக்கோ போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரையையும் ஒரு பாயில் பரப்புங்கள். அலமாரி, பூஜை மாடம், தலையணைக்கு அடியில், கைப்பை, எல்லா இடத்திலும் தேடுங்கள். அம்மாவிடமிருந்து எங்களுக்குக் கிடைத்தது 19 அட்டை. அதில் ஆறு காலாவதியானவை.

ஒரு நோட்டில் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். கம்பெனி வைத்த பெயர் முக்கியமில்லை. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர், மில்லிகிராம், எந்த வேளை, யார் எழுதிக் கொடுத்தது. அரசு மாத்திரையில் பெரும்பாலும் மருந்தின் பெயர்தான் இருக்கும், மெடிக்கல் மாத்திரையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். அதனால்தான் ஒரே மருந்து இரண்டு மருந்தாகத் தெரிகிறது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினிலும் இதே குழப்பம் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை: இரண்டு அட்டை ஒன்றுபோல இருக்கிறது என்பதற்காக நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். நோட்டையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மூட்டுவலிக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையையும் மறைக்காமல் காட்டுங்கள். தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்தைக் கெடுப்பவை அதில் உண்டு, பிரஷரையும் ஏற்றும்.

2. உங்கள் தெரு யாருடைய கணக்கில் வருகிறது?

ஒவ்வொரு தெருவும் ஒரு துணை சுகாதார நிலையத்தின் கீழ் வரும், அது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் வரும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டே பேரை: கிராம சுகாதார செவிலியர், உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர். செவிலியரை ஊரில் ‘நர்சம்மா’ என்றால் தெரியும். இரண்டு பேருடைய போன் எண்ணும் அங்கன்வாடியில் கிடைக்கும். எனக்கு அங்கேதான் கிடைத்தது. கிடைக்காவிட்டால் 104-க்கு அடியுங்கள். அது தமிழ்நாட்டின் மருத்துவ ஆலோசனை எண், எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்கள். வீட்டுக்கு வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். புதிதாக மருந்து எழுதுவதோ அளவைக் கூட்டிக் குறைப்பதோ அவர்கள் வேலை இல்லை, அதை அவர்களிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

போனில் பேசும்போது, “ஏன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை?” என்று தொடங்காதீர்கள். அவர்கள் கையில் நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கும். வீட்டு அடையாளம், அம்மாவின் பெயர், வயது, என்ன நோய், எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார். இவ்வளவு சொன்னால் போதும்.

3. பெயரைச் சேர்க்க ஒரு முறை நேரில்

இதற்கு மட்டும் அம்மாவையோ அப்பாவையோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே அழைத்துப் போக வேண்டும். மருத்துவர் பார்த்து, நோயை உறுதி செய்து, மருந்து எழுதி, பதிந்த பிறகுதான் மாத்திரை வீட்டுக்கு வரத் தொடங்கும். பலபேர் தடுக்கி நிற்பது இங்கேதான். வெளியே ஐந்து வருடமாகப் பார்க்கிற சீட்டு இருக்கிறதே, அதைக் கொடுத்தால் போதாதா என்று நானும் கேட்டேன். போதாது.

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு, பழைய மருந்துச் சீட்டு, மாத்திரை நோட்டு. போன் எண் கேட்பார்கள். அம்மாவின் எண்ணை மட்டும் கொடுக்காமல் உங்கள் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். அம்மா போனில் வந்த மூன்று குறுஞ்செய்தியை நாங்கள் பார்க்கவே இல்லை.

காலை எட்டு மணிக்குள் வெறும் வயிற்றோடு போய்விடுங்கள், சர்க்கரை பார்க்க வசதியாக இருக்கும். சர்க்கரை மாத்திரையையும் ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடு போடலாம். அதற்காக இட்லியை டப்பாவில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் வெறும் வயிற்றில் வரிசையில் நிற்பது ஆபத்து. ரத்தம் கொடுத்ததும் அங்கேயே சாப்பிட வையுங்கள்.

பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வையுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்துவந்த மூச்சோடு பார்த்தால் அளவு ஏறித்தான் இருக்கும், அதை வைத்து மாத்திரையும் ஏறும். அம்மாவுக்கு முதலில் 164 காட்டியது. செவிலியரே, “கொஞ்சம் உட்காருங்கம்மா” என்று சொல்லி மறுபடி பார்த்தார், 142.

செலவு எதுவும் இல்லை. எங்களுக்கு அரை நாள் ஆனது. திங்கட்கிழமையைத் தவிர்த்தால் கூட்டம் குறைவாக இருக்கும்.

4. மாத்திரை வரத் தொடங்கிய பிறகு

முதல் மாதம் நன்றாக நடந்தது. இரண்டாவது மாதம் அக்கா வந்த நாளில் அம்மா துக்க வீட்டுக்குப் போய்விட்டார். மாத்திரை தீர்ந்து ஒன்பது நாள் ஆன பிறகுதான் எனக்கே தெரிந்தது. “அவங்க வர்றப்போ வாங்கிக்கலாம்னு இருந்தேன்” என்றார் அம்மா. அதற்குப் பிறகு செய்த ஏற்பாடு இதுதான்: வீட்டில் ஆள் இல்லாவிட்டால் மாத்திரையை எதிர் வீட்டுச் சின்னம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று அக்காவிடம் சொல்லிவைத்தோம். பத்து நாளுக்கான மாத்திரை மிச்சம் இருக்கும்போதே எனக்குச் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன்.

மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறி வந்தால் பயப்பட வேண்டாம், பெயரையும் மில்லிகிராமையும் நோட்டோடு ஒத்துப் பாருங்கள். வீட்டுக்கு மாத்திரை வருகிறது என்பதற்காக மருத்துவரைப் பார்ப்பதை விட்டுவிடவும் கூடாது. என்றைக்கு மறுபடி வர வேண்டும் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போகிறதா, கண் மங்குகிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்பதெல்லாம் அங்கே போனால்தான் தெரியும்.

5. தெருவோடு ஒரு ஒப்பந்தம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மாதம் ஒரு முறை வரும் அக்காவால் மீதி 29 நாளைப் பார்க்க முடியாது. அதைப் பார்ப்பது தெருதான். ஆனால் தெருவில் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று பொதுவாக விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். இன்னார் இன்னதைச் செய்வார் என்று பேசி வைக்க வேண்டும்.

எங்கள் தெருவில் பேசி வைத்தது மூன்று பேரிடம். சின்னம்மாவின் பொறுப்பு காலை வாசல். அம்மா ஆறு மணிக்கெல்லாம் வாசல் தெளித்துவிடுவார். ஏழு மணிக்கும் வாசல் காய்ந்து கிடந்தால் சின்னம்மா கதவைத் தட்டுவார். மாற்றுச் சாவி அவரிடம் இருக்கிறது. இரண்டாவது, பால் ஊற்றும் தம்பி. மாலையில் அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே வராவிட்டால் எனக்கு ஒரு மிஸ்டு கால். மூன்றாவது, அடுத்த தெருவில் ஆட்டோ வைத்திருக்கும் மாமா. ராத்திரியில் கூப்பிட்டால் வருவார், வாடகையை நான் அன்றைக்கே போனில் அனுப்பிவிடுவேன்.

சின்னம்மாவுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்று சொல்லித் தவறு செய்தேன். முகம் மாறிவிட்டது. “உங்கம்மாவைப் பாக்குறதுக்குக் கூலியா?” என்றார். பிறகுதான் அவருக்கு என்ன தேவை என்று கேட்டேன். அவருக்கு முதியோர் உதவித்தொகை வரவில்லை. எப்படி விண்ணப்பிப்பது என்று தெரியாமல் விட்டிருந்தார். நான் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போய் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். (2023 ஆகஸ்டில் அந்தத் தொகையை 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். 60 வயதும் ஆதரவற்ற நிலையும் அடிப்படை.) உங்கள் தெருவிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அதைச் செய்து கொடுங்கள்.

இன்னொன்றையும் தெருவில் தொடங்கினோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் திண்ணையில் ஆறேழு பேர் கூடுகிறார்கள். முதல் நாள் ஒரு சோதனை வைத்தோம்: கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 14 நொடிக்குள் முடித்தால் கால் பலம் பரவாயில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் முதியோர் பராமரிப்பு வழிகாட்டி சொல்கிறது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அம்மாவுக்கு 23 நொடி ஆனது. ஒரு பாட்டியால் கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை. இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொல்லிக் கொடுத்தபடி தினமும் எழுந்து உட்காருவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது என்று செய்கிறார்கள். நான்கு மாதத்தில் அம்மா 15 நொடிக்கு வந்திருக்கிறார். எனக்கு இதில் இருக்கும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

6. படுக்கையில் இருப்பவர்கள் இருந்தால்

பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, முற்றிய புற்றுநோய் என்று எழ முடியாதவர் வீட்டில் இருந்தால், வலியையும் அவதியையும் குறைக்கப் பார்க்கும் நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருவார்கள். இதுவும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில்தான். பலருக்கு இது தெரியாது. எங்கள் பெரியப்பா வீட்டில் நாளுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்துத் தனியாக ஆள் வைத்திருந்தார்கள். செவிலியர் வட்டார அளவில் வேலை செய்வதால் தினமும் வர மாட்டார். நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் பதிவு செய்வார்கள்.

அவர் வரும்போது பராமரிக்கிறவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். புண்ணுக்குக் கட்டுப்போடுவதைவிட, கட்டுப்போடவும் புரட்டிப் படுக்க வைக்கவும் வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் செய்கிற பெரிய உதவி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். முதுகுத் தண்டின் அடியிலும் குதிகாலிலும் சிவப்பாக இருந்து, அழுத்தினாலும் நிறம் மாறாவிட்டால் புண் தொடங்குகிறது என்று பொருள். அன்றைக்கே சொல்லுங்கள். பெரியம்மா அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். தேய்க்கவே கூடாதாம்.

7. கண்

கண்புரைக்கு அறுவைச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவை நடத்தும் முகாம்களிலும் இலவசமாகச் செய்கிறார்கள், அழைத்துப்போய்க் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஆனால் சர்க்கரையும் பிரஷரும் ஏறியிருந்தால் அறுவை செய்யாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே இரண்டையும் பார்த்துவிடுங்கள். கண் தெரியாமல் விழுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. மூக்குக்கண்ணாடி சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

8. காப்பீட்டு அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வேண்டிய ஆவணங்கள்: வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். யாருக்கு அட்டையோ அவர் நேரில் வந்தால்தான் படமும் கைரேகையும் எடுப்பார்கள்.

எனக்கு ஆனது: இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு 60 ரூபாய், சான்று வர 12 நாள், திருச்சிக்குக் கார் வாடகை 2,200 ரூபாய், மையத்தில் இரண்டரை மணி நேரம். அட்டைக்குக் காசு இல்லை. எந்த இடைத்தரகருக்கும் எதுவும் கொடுக்காதீர்கள். என் பெயர் இன்னும் அம்மாவின் ரேஷன் கார்டில் இருந்ததைப் பார்த்துவிட்டு வி.ஏ.ஓ. கேட்ட முதல் கேள்வி, “உங்க சம்பளம் எவ்வளவு?” என்பதுதான். தனிக் குடும்பமாக இருப்பவர்கள் ரேஷன் கார்டை முதலில் சரி செய்துவிட்டுப் போங்கள்.

வருமானம் கூடுதலாக இருந்தாலும் 70 வயது ஆனவர்களுக்கு வருமான வரம்பில்லாத ஒன்றிய அரசுக் காப்பீடு ஒன்று 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. உங்கள் மாவட்டத்தில் அதை எப்படிப் பதிகிறார்கள் என்று அதே மையத்தில் விசாரியுங்கள். எந்த அட்டையானாலும் நோய் வருவதற்கு முன்னால் வாங்கிவிடுவது நல்லது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு சான்றுக்கு அலைபவர்களை அங்கே நான் பார்த்தேன், அந்த அவதி யாருக்கும் வரக்கூடாது. இந்தக் காப்பீடு பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான். மாதாமாதம் போடும் மாத்திரைக்கு இதை நம்பியிருக்க வேண்டாம்.

உதவித்தொகை, சட்ட ஆலோசனை, வீட்டில் கொடுமை என்று வேறு எதுவாக இருந்தாலும் 14567 முதியோர் உதவி எண். காலை 8 முதல் இரவு 8 வரை.

9. ராத்திரி இரண்டு மணிக்கு

கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டுங்கள். பெரிய எழுத்தில் 108. அதற்குக் கீழே வீட்டுக்கு வரும் வழி: “மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ச் சந்து, தண்ணீர்த் தொட்டி தாண்டி மூன்றாவது வீடு.” பதற்றத்தில் சின்னம்மாவுக்கு இது வாயில் வராது, படித்தால் போதும். கூடவே அம்மாவின் நோய், போடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து, என் எண், தங்கையின் எண்.

சின்னம்மாவுக்கும் பால் ஊற்றும் தம்பிக்கும் மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்தேன். ரத்தத்தில் சர்க்கரை இறங்கி வேர்த்து, நடுங்கி, பேச்சு குழறினால், நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. சர்க்கரை கொடுத்தும் தெளியாவிட்டால் 108. வாய் ஒரு பக்கம் கோணினாலோ ஒரு கை தூக்க வராவிட்டாலோ மணியைப் பார்த்து எழுதிக்கொண்டு உடனே 108. அது பக்கவாதமாக இருக்கலாம்; மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதனால் ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். நெஞ்சுவலிக்கு ‘வாயு’ என்று இஞ்சிச்சாறு கொடுத்துப் பொழுதைக் கழிக்கக் கூடாது. 108 வரத் தாமதமானால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போய்விட வேண்டும். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் அங்கேயே முதல் தவணை மாத்திரையைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

அந்தக் காகிதத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றி எழுதுங்கள், மாத்திரை மாறியிருக்கும். மாற்றும்போது தேதி போட்டுவிடுங்கள். பழையதைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும், பக்கத்தில் ஒட்டி வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இரண்டு காகிதமும் ஒரு வாரம் அடுத்தடுத்துத் தொங்கின, எது புதியது என்று சின்னம்மா போன் செய்து கேட்டார்.